உப்புக்காற்றில் ஒரு பந்தல்: ராமநாதபுரம் கரையில் தோட்டம் கட்ட எது சரிப்படும்?

வீட்டுத் தோட்டத்துக்குப் பந்தல், வேலி, பாத்திக் கரை, நிழல் கூரை என்று எதைக் கட்டப் போனாலும் இப்போது முதலில் செல்போனைத்தான் திறக்கிறோம். அதில் வரும் வீடியோக்களில் பாதி கோவைப் பக்கமோ பெங்களூருவிலோ எடுத்தவை. இரும்புக் குழாயை வளைத்து, பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டி, கீழே பேவர் பிளாக் பரப்பி, ஓரத்தில் பலகை அடித்து மேட்டுப்பாத்தி போட்டுவிட்டு, அதற்கு இயற்கைத் தோட்டம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அங்கே அது சரியாகவே இருக்கலாம். தேவிபட்டினத்திலோ பெரியபட்டினத்திலோ ஏர்வாடியிலோ அப்படியே கொண்டுவந்து இறக்கினால் சில வருஷத்திலேயே பல்லிளித்துவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தக் கரையில் எதுவும் ரொம்ப நாள் நிற்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். பழுதானால் கையாலேயே அவிழ்த்து மாற்றிக் கட்டுகிற மாதிரி, அவிழ்த்துப் போட்டது மண்ணோடு மண்ணாகிவிடுகிற மாதிரி கட்டினால் அதுதான் இங்கே சூழலுக்கு ஒத்த கட்டுமானம். ஆயுளுக்கும் நிற்கும் என்று சொல்லி விற்கிற சரக்குதான் இங்கே சீக்கிரம் குப்பையாகிறது.

இரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்ற ரயில்வே காலம் முழுக்கப் பெயின்ட்டும் கையுமாகத்தான் நின்றது. கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவதை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று தனியாகப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது. ரயில்வேக்கே இந்தப் பாடு என்றால் புடலங்காய்ப் பந்தலுக்கு நாம் வாங்கும் ஜி.ஐ. குழாய் எம்மாத்திரம்? அந்தக் குழாயைக் காப்பாற்றுவது மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு. வெல்டிங் வைக்கும் சூட்டில் அந்த இடத்துப் பூச்சு எரிந்துபோகும். அதனால்தான் உங்கள் தெருவில் எந்த இரும்புப் பந்தலைப் பார்த்தாலும் நடுக்குழாய் பளபளவென்று இருக்க, மூட்டுகளில் மட்டும் செம்பழுப்புக் கோடு இறங்கியிருக்கும். முதலில் அறுவதும் அந்த மூட்டுத்தான்.

கான்கிரீட் தூண் வைத்தால் தப்பிக்கலாமே என்றால், அதற்குள்ளும் கம்பிதானே இருக்கிறது. காற்றிலும் தண்ணீரிலும் வரும் உப்பு நுண்ணிய துளை வழியாக உள்ளே போய்க் கம்பியைத் தொடும். துரு இரும்பைவிடக் கூடுதலாக இடம் பிடிப்பதால் உள்ளிருந்து விம்மி, தூணை நெடுக்காகப் பிளந்துவிடும். உடைந்த தூணை என்ன செய்வது? எரிக்க முடியாது, மக்காது, கண்மாய்க் கரையில் கொண்டுபோய்க் கொட்டத்தான் முடியும். சிமென்ட் தயாரிப்பு உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏழெட்டு சதவீதம் என்பது வேறு. வீடு கட்டச் சிமென்ட் வேண்டியிருக்கிறது, சரி. அவரைக்கொடி ஏறவும் அது வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அதே நேரம், இயற்கையில் கிடைப்பது என்பதற்காகவே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. இந்தக் கரையில் பழைய மதில்கள் சிலவற்றில் காரை உதிர்ந்த இடத்தில் பவளக்கல் தெரியும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் மிச்சமிருக்கும் தேவாலயச் சுவரிலும் அந்தக் கல்தான். கட்டவும் அதுதான், சுட்டுச் சுண்ணாம்பாக்கவும் அதுதான். அப்படி வெட்டி வெட்டி எடுத்ததன் விலை மன்னார் வளைகுடாவில் தெரிந்தது. 21 தீவுகளில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். 1986-இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. ஆகவே தோட்டத்தில் அழகுக்கு நாலு பவளக்கல் அடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடற்கரை மணலும் அப்படித்தான். அடம்புக்கொடியும் இராவணன் மீசையும் பிடித்து வைத்திருக்கும் மணல்மேட்டிலிருந்து நாலு சட்டி அள்ளினால் கடல் ஊருக்குள் வர வழி திறந்துவிடுகிறோம், சட்டப்படியும் தப்பு. அப்புறம் அந்த மணலில் இருக்கும் உப்பு பூச்சு வேலையைப் பொரிய வைத்துவிடும் என்பது கொத்தனார் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

எந்தப் பொருளானாலும் இரண்டு கேள்வி போதும்: எங்கிருந்து வந்தது, பழசானால் எங்கே போகும்? பவளக்கல் முதல் கேள்வியில் தோற்கிறது, கான்கிரீட் தூணும் நிழல்வலையும் இரண்டாவதில்.

இனி காற்று. இங்கே தோட்டத்துக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி காற்றுதான் என்பேன். கோடையின் கடைசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று, ஐப்பசிக்கு மேல் வாடை என்கிற வடகிழக்குக் காற்று. தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பவருக்கும் வடகடலான பாக் நீரிணைப் பக்கம் இருப்பவருக்கும் அடி விழும் திசைதான் மாறும், அடி மாறாது. இதற்குப் பயந்து பலரும் ஹாலோ பிளாக் அடுக்கி ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். கெட்டியான சுவரில் மோதும் காற்று எகிறி மேலே போய், மறுபக்கம் சுழன்று கீழே விழும். சுவரை ஒட்டிக் கொஞ்ச தூரம் அமைதியாக இருக்கும், அதைத் தாண்டி நட்ட மிளகாய்ச் செடி தலைசுற்றிப் போய் நிற்கும். வேலியில் பாதி அடைப்பும் பாதி சந்துமாக இருந்தால் காற்று வடிகட்டிக்கொண்டு உள்ளே வரும், சுழல் அவ்வளவாக இருக்காது. அப்படிப்பட்ட ஐந்தடி வேலி, தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு, அதாவது ஐம்பதடி தூரம் வரைக்கும் காற்றின் வேகத்தைக் குறைக்கும். காற்றோடு வரும் உப்புத் துளியில் ஒரு பங்கும் வேலியிலேயே படிந்துவிடும்.

பாதி அடைப்பு, பாதி சந்து என்றால் வேறு என்ன, நம் ஊர் மட்டை வேலிதான். பனை மட்டைகளைச் செங்குத்தாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்தி, முழங்கால் உயரத்தில் ஒன்று, நெஞ்சுயரத்தில் ஒன்று என்று குறுக்கே வரிச்சுப் பிடித்து நாரால் கட்டுவது. மட்டையின் அடி மண்ணுக்குள் போக வேண்டாம். கீழே உடைந்த ஓட்டுத் துண்டை வரிசையாகப் பதித்து அதன் மேல் நிறுத்தினால் கரையான் ஏறுவது உடனே கண்ணில் படும். மட்டை ஓரத்தில் ரம்பப் பல் போல இருக்கும் கருக்கை வெளிப்பக்கம் பார்க்க வைத்தால் ஆடு முகத்தை வைக்காது. இந்த ஊரில் ஆட்டை மறந்துவிட்டு வேலி போடுபவர் யாரும் இல்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

சாயல்குடி, கடலாடி, நரிப்பையூர்ப் பக்கம் பனை இன்னும் நிறையவே நிற்கிறது. மட்டையும் ஓலையும் மரத்தைக் கொல்லாமல் கிடைப்பவை, பதநீர்ப் பருவத்துக்கு முன்னால் மரத்தைச் சுத்தம் செய்யும்போது எப்படியும் கழிபவை. பனையையே வெட்டிக் கூரைச் சட்டமாகப் போடும் பனங்கை எடுக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது. அனுமதி கிடைத்தாலும், அவ்வளவு மெதுவாக வளரும் மரத்தைக் காய்கறிப் பந்தலுக்காகச் சாய்ப்பதில் நியாயம் இல்லை. பனங்கை வேண்டுமானால் பழைய ஓட்டு வீடு இடிக்கும் இடத்தில் போய்க் கேளுங்கள். வைரம் பாய்ந்த பழைய கை விறகு விலைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பந்தல்காலுக்கு என் ஓட்டு சீமைக்கருவேலத்துக்கு. ஆச்சரியமாக இருக்கலாம், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் அதைத் திட்டாத வாய் இல்லை. அதை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது, அயல் தாவரங்களை அகற்ற 2022-இல் அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது, அது பாட்டுக்குக் கண்மாய்க்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிமூட்டம் போட்டு எரிப்பதில் ஒரு பங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் என்ன? வெட்டினால் நிலத்துக்கு நல்லது என்கிற மரம் இந்தப் பக்கத்தில் வேறு ஏது? கட்டை கனம், வயிரம் நல்ல உறுதி. நேரான கம்பு கிடைப்பது அரிது என்பது உண்மைதான். அதையே சாதகமாக்கிக்கொள்ளலாம்: கிளை பிரியும் இடத்துக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டினால் கவைக்கால் தயார். அந்தக் கவையில் குறுக்குக் கம்பை உட்கார வைத்து ஒரு கட்டுப் போட்டால் போதும், ஆணியே தேவையில்லை. ஆணி அடிக்கப் போனாலும் அந்தக் கட்டையில் பாதி ஆணி வளையும், மீதி துருப்பிடிக்கும்.

ஒன்று மட்டும் கவனம். பட்டையை உரிக்காமல் நட்டால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வண்டு குடியேறி மாவு மாவாக உதிர்த்துவிடும். வெட்டிய ஈரத்திலேயே பட்டையை உரித்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, மண்ணுக்குள் போகும் ஒன்றரை அடியையும் மண்ணுக்கு மேல் ஒரு சாணையும் நெருப்பில் கருக்கிக்கொள்ளுங்கள். மண் மட்டத்தில்தான் ஈரமும் காற்றும் சேர்ந்து கால் இற்றுப்போகும், கருக்கல் அந்த இடத்தைத் தாண்டி இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து கழிவு ஆயில் வாங்கி வந்து தடவுவது இங்கே சர்வசாதாரணம். தயவுசெய்து வேண்டாம், முதல் மழையிலேயே அது பாத்திக்குள் இறங்கும், அந்தப் பாத்தியில் விளையும் கீரையைத்தான் நாம் சாப்பிடப் போகிறோம். வேப்பெண்ணெய் போதும். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் இன்னும் பலம், ஆனால் தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். காய்களோடு கிளையை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் வராதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்குப் பாத்தி முழுக்கச் சீமைக்கருவேலக் கன்றுதான். நம்முடைய உடைமரத்தை, அதாவது குடைவேலத்தை, இதற்காக வெட்டுவதும் கூடாது. அது இந்த மண்ணின் மரம்.

கட்டுவதற்குத் தென்னங்கயிறு. உப்பு ஈரத்தை அது தாங்குகிற அளவுக்குச் சணல் தாங்காது. நைலான் கயிறு பந்தலைவிட நாள்பட நிற்கும் என்பதே அதன் குறை, போதாததற்குக் கொடியின் தண்டையும் அறுக்கும்.

பழைய மீன்வலையைப் பற்றி எனக்கே இரண்டு மனசு. நம் கரையில் பாதி வீடுகளுக்கு அதுதான் வேலி; காசு கிடையாது, கடலில் கிடந்து ஆமையைச் சிக்க வைப்பதைவிட வேலியில் இருப்பது மேல். ஆனால் தங்கூசி வலையை, அதாவது மெல்லிய ஒற்றை நைலான் இழை வலையைத், தரையோடு தரையாகக் கட்டினால் பாம்பும் ஓணானும் செதில் மாட்டிக்கொண்டு செத்துக் கிடக்கும். எலியைப் பிடிக்க வரும் சாரைதான் பெரும்பாலும் மாட்டுவது. கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கண் தெரிகிற பருத்த வலையாகப் பார்த்து, தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிக் கட்டுங்கள், கீழே மட்டை அடைத்துக்கொள்ளலாம். வெயிலில் நொறுங்க ஆரம்பித்ததும் கழற்றிவிட வேண்டும். பச்சை நிழல்வலையும் இதே கதைதான். நாலைந்து கோடை கண்டதும் இழை இழையாகப் பிரிந்து, காற்றில் பறந்து, கடைசியில் கடலுக்குத்தான் போகிறது.

அவசரம் இல்லாதவர்களுக்கு உயிர்வேலியைவிட நல்ல கட்டுமானம் கிடையாது. மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து (ஊன்றினால் வேர்விடும் கிளைத்துண்டு), இடையிடையே பூவரசம் போத்து ஊன்றிவிட்டால் ஐப்பசி மழையில் துளிர்த்துவிடும். பூவரசு உப்புக்கு அசராத மரம், இலையும் உரமாகும், கிளையும் பந்தலுக்கு ஆகும். முதல் இரண்டு வருஷம் மட்டை வேலி அதைக் காக்கும், அப்புறம் மட்டையை எடுத்துவிடலாம்.

இனி தரை. தோட்டத்துக்குள் சகதி படக்கூடாது என்று பேவர் பிளாக்கோ சிமென்ட் தளமோ போடுவதுதான் இங்கே செய்யும் பெரிய தீங்கு என்று நினைக்கிறேன். காரணம் நிலத்தடியில் இருக்கிறது. மணற்பாங்கான இந்தக் கரையில் மழைநீர் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் எண்ணெய் மிதப்பது போல மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி வரை உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும். அந்த ஓர் அடி குறையக் குறைய, கீழேயிருந்து உப்பு அதே கணக்கில் மேலே ஏறும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலில் ஊற்றுத் தோண்டிப் பெண்கள் குடிதண்ணீர் இறைப்பதும், பக்கத்திலேயே ஆழ்துளை போட்டவருக்கு உப்புத் தண்ணீர் வருவதும் இதனால்தான். தரையை மூடினால் நம் வீட்டுக் கிணற்றை நாமே உப்பாக்குகிறோம். இந்த மாவட்டத்தில் வருஷ மழை சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். 500 சதுர அடிக் கூரையில் மட்டும் வருஷத்துக்கு 37,000 லிட்டர் போல விழுகிறது. அதில் முக்கால் பங்கு மணலுக்குள் இறங்கினாலே எவ்வளவு! நடைபாதைக்கு உடைந்த ஓடு, செங்கல் துண்டு, தேங்காய் மட்டை போதும். காரை வேண்டாம், சும்மா பரப்பி மிதித்துவிட்டால் சரி.

மேட்டுப்பாத்தி விஷயத்திலும் வீடியோவை நம்ப வேண்டாம். மேட்டில் ஈரம் சீக்கிரம் காயும். காயும்போது கீழிருந்து ஈரம் ஏறி, தன்னோடு கொண்டுவரும் உப்பை மேட்டின் உச்சியில் விட்டுவிட்டுப் போகும். வெள்ளைப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதன் நடுவில்தான் செடியை நட்டிருப்போம். கோடைக்குத் தரைமட்டத்துக்குச் சற்றுத் தாழ்ந்த பள்ளப்பாத்தி, மேலே சருகு மூடாக்கு. மழைக்காலத்துக்கு மட்டும் அரையடி மேடு, அதிலும் செடி உச்சியில் இல்லாமல் சரிவில். மணலில் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் பலகைக் கரையால் ஆகாது, கரம்பை, அதாவது கண்மாயில் படியும் களிமண் வண்டல் வேண்டும். கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று 2024-இல் விதியை எளிதாக்கியிருக்கிறார்கள், அப்படி அள்ளுபவரிடம் நாலு மூட்டை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடலோரக் கண்மாய் மண்ணில் உப்பு இருக்கலாம், வேளாண்மைத் துறையில் மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போடுவது நல்லது. பாத்திக்கு ஒரு முழம் கீழே தேங்காய் மட்டையை அடுக்கினால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. செடிக்குப் பக்கத்தில் மெருகு போடாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் அது கசிந்து கசிந்து வேருக்குப் போகும்.

உரக்குழிக்குக் காரை இல்லாமல் செங்கல்லைச் சந்துவிட்டு அடுக்கினால் போதும். கரை ஒதுங்கிய கடற்பாசியைப் போடுவதானால் மழையில் ஒரு முறையாவது நனைந்து உப்புப் போன பிறகு போடுங்கள்.

ஓலையின் குறையையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தீப்பிடிக்கும். அடுப்படிக்குப் பக்கத்தில் ஓலைக் கூரை வேண்டாம், தீபாவளிக்கு மேலே தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும். குவித்து வைத்த மட்டைக்குள் தேள் குடியிருக்கும், கையை விடுமுன் தட்டிப் பாருங்கள். தென்னங்கிடுகு ஒன்றிரண்டு வருஷம்தான் தாங்கும். பனை ஓலை அதைவிடத் தாங்கும், ஆனால் மேய ஆள் தெரிந்திருக்க வேண்டும்.

புயலுக்கு இது தாங்குமா என்று கேட்பார்கள். தாங்காது, தாங்கவும் வேண்டியதில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி கரைக்கு வராமலும் போகாமலும் நம் கடலில் நின்று போக்குக் காட்டியது. இந்த மாதிரி நாட்களில் தகரக் கூரை பறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கழுத்துக்கு ஆபத்து. கிடுகு பறந்தால் கிடுகுதான் போச்சு. எச்சரிக்கை வந்ததும் கட்டை அவிழ்த்துக் கூரையை இறக்கித் தரையில் போட்டு மேலே கல் வைத்துவிட்டால் கால்களும் குறுக்குக் கம்பும் நின்றுகொள்ளும், காற்று பிடிக்க அதில் எதுவும் இருக்காது. அதற்காகவே கூரைக் கட்டுகளை இழுத்தால் அவிழ்கிற சுருக்காகப் போடுங்கள், கால் கட்டுகளை மட்டும் இறுக்கி முடியுங்கள்.

செலவு பொருளில் குறைவு, கூலியில்தான் போகும். மட்டை வேலி கட்டவும் ஓலை மேயவும் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் மிச்சம், அவர்களும் வயதானவர்கள். பனையேறிகள் மரம் சுத்தம் செய்யும் தை, மாசியிலேயே மட்டைக்கும் ஓலைக்கும் சொல்லி வைத்துவிடுங்கள். பங்குனிக்குள் வேலியையும் பந்தல்காலையும் முடித்துவிட்டால் கச்சான் கிளம்பும்போது கட்டெல்லாம் இறுகியிருக்கும். போத்து ஊன்றுவதைப் புரட்டாசிக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.